எத்தனை மணிக்கு வலி ஆரம்பிச்சது? – வடசென்னையும் மாரடைப்பு வைத்தியமும்

மாரடைப்பு என்று கேஷுவால்டிக்குக் கொண்டுவரப்படுகிறவரிடமோ, கூட வந்தவரிடமோ டியூட்டி டாக்டர் கேட்கிற முதல் கேள்விகளில் ஒன்று, "வலி எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?" என்பது. என்ன மருந்து கொடுக்கலாம், கொடுத்தால் எவ்வளவு பலன் கிடைக்கும் என்பதெல்லாம் பெரும்பாலும் அந்த மணியை வைத்துத்தான் முடிவாகும்.

சில மாதங்களாக இதய நோய் வைத்தியத்தின் வரலாறு பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக் குறிப்பெடுத்து வருகிறேன். நான் திருவொற்றியூர்க்காரன். எங்கள் பக்கத்தில் மாரடைப்புக்கு முதல் பெயர் 'கேஸ்'தான். நைட் ஷிப்ட் முடித்து வந்தவருக்கு நெஞ்சு அடைக்கும், வேர்த்துக் கொட்டும். "வாயுப் பிடிப்பா இருக்கும், ஒரு சோடா குடிச்சிட்டுப் படு" என்பார்கள். விடிந்த பிறகுதான் ஆட்டோ தேடுவார்கள். இதை வைத்து 'ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை' என்று ஒரே வரியில் முடித்துவிடுவது சுலபம். ஆனால் குறிப்புகளை வருஷ வரிசையில் அடுக்கிப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. வைத்தியம் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ரொம்ப சீக்கிரமே வந்துவிட்டது. அதுவரைக்கும் போய்ச் சேருகிற வழிதான் தாமதமாக வந்தது.

கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி

முதலில் ஒரு பழைய விஷயம். ஹைதர் அலி படையெடுப்பை ஒட்டி வந்த பஞ்சத்தில், 1782-இல், சென்னையின் வட எல்லையில் மணியக்காரர் சத்திரம் என்ற கஞ்சித் தொட்டி ஏற்பட்டது. 1799-இல் ஜான் அண்டர்வுட் என்ற டாக்டர் அங்கே ஏழைகளுக்கான ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். அது வளர்ந்து, பெயர் மாறி, பிற்பாடு கவர்னர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரைப் பெற்றது. பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கத்துப் பெரியவர்கள் ஸ்டான்லியைக் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்று சொல்லி நானே கேட்டிருக்கிறேன்.

ஆக, வடசென்னையில் இலவச ஆஸ்பத்திரி என்பது புதுசு இல்லை. தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து 1856-இல் கிளம்பியதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அது இருந்தது. அப்புறம் துறைமுகம் விரிந்தது, மில்கள் வந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு எண்ணூரில் மோட்டார் தொழிற்சாலை, திருவொற்றியூரில் என்ஃபீல்டு, மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, 1970-இல் எண்ணூர் அனல் மின் நிலையம் என்று வரிசையாக வந்தன. உழைக்க வந்தவர்கள் ஆலைகளைச் சுற்றி நெருக்கியடித்துக் குடியேறினார்கள். அந்த நெருக்கத்துக்கும் இதயத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

பெரம்பூர், 1975

அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ரெனே ஃபவலோரோ என்ற அர்ஜென்டினாக்காரர் 1967-இல் ஒரு அறுவைசிகிச்சையைச் செய்து காட்டினார். காலிலிருந்து ஒரு ரத்தக்குழாயை எடுத்து, இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் உள்ள அடைப்பைத் தாண்டி ஒட்டுப்போடுகிற முறை. இன்றைக்கு டீக்கடையில்கூட 'பைபாஸ்' என்று சொல்கிறோமே, அதுதான்.

இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸ் என்று பொதுவாகக் குறிப்பிடப்படுவது 1975-இல் நடந்தது. செய்தவர் டாக்டர் கே.எம்.செரியன். நடந்த இடம் டில்லியோ பம்பாயோ இல்லை. பெரம்பூரில் இருக்கிற தென்னக ரயில்வே தலைமை மருத்துவமனை. நம்ம பெரம்பூர்! உலகத்தின் மறுகோடியில் கண்டுபிடித்த வித்தை எட்டே வருஷத்தில் வடசென்னைக்கு வந்துவிட்டது.

இதில் பெருமைப்பட நிறையவே இருக்கிறது. ஆனால் அந்த மருத்துவமனையின் பெயரிலேயே அடுத்த விஷயமும் இருக்கிறது. அது ரயில்வே ஊழியர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்குமான மருத்துவமனை. லோகோ ஒர்க்ஸிலோ ஐ.சி.எஃப்.பிலோ நிரந்தர வேலை பார்த்தவருக்கு அந்தக் கதவு திறந்திருந்தது. ஆலைத் தொழிலாளிக்கு 1948-ஆம் வருஷச் சட்டப்படி வந்த ஈ.எஸ்.ஐ. இருந்தது. அதற்கும் பெயர் ஆலையின் பதிவேட்டில் இருக்க வேண்டும். காசிமேட்டில் கட்டுமரம் தள்ளினவர், ஹார்பரில் மூட்டை தூக்கினவர், காண்டிராக்டரிடம் தினக்கூலி வாங்கினவர் இவர்களுக்கெல்லாம் மிஞ்சியது பழைய கஞ்சித் தொட்டிதான். ஒரே ஊர், சில கிலோமீட்டர் தூரம். இடையில் நின்றது பதிவேட்டுப் பெயர்.

ஒரு கிருமி, ரெண்டு வேலை

இப்போது நெருக்கடிக் குடியிருப்பு விஷயம். அறுபது எழுபதுகளில் நம் அரசு மருத்துவமனைகளில் இதய நோயாளி என்றால் பல சமயம் வயசானவர் இல்லை. பத்துப் பன்னிரண்டு வயசுப் பிள்ளைகள், கல்யாணமாகி முதல் பிரசவத்துக்கு வந்து மூச்சு வாங்கித் தவிக்கும் பெண்கள். காரணம் ருமாட்டிக் காய்ச்சல். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் தொண்டைப்புண் வரும். அது போன பிறகு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இதய வால்வுகளைத் தாக்கி வடுப்படுத்திவிடும். ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுத்து எழும் வீடுகளில் இந்தக் கிருமி சுலபமாகப் பரவும்.

இதற்குத் தடுப்பு ரொம்ப எளிமையானது. மூன்று நாலு வாரத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி. ஆனால் வருஷக்கணக்கில், விடாமல் போட வேண்டும். ஒரு முறை வார்டில் சேர்த்துக் காப்பாற்றுவதைவிட இந்தத் தொடர்ச்சியைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். இந்த வாக்கியத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி தேவைப்படும்.

வேடிக்கை என்னவென்றால், வால்வைக் கெடுக்கிற அதே கிருமிக் குடும்பம்தான் மாரடைப்புக்கும் ஒரு மருந்து கொடுத்தது. 1933-இல் வில்லியம் டில்லெட் என்ற அமெரிக்க மருத்துவர், சில ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகள் உறைந்த ரத்தத்தைக் கரைப்பதைக் கண்டு எழுதினார். அந்தப் பொருள்தான் ஸ்ட்ரெப்டோகைனேஸ். மாரடைப்பில் பெரும்பாலும் நடப்பது என்ன? இதயத்தின் ரத்தக்குழாயில் ஒரு கட்டி உறைந்து வழியை அடைக்கிறது. அதற்கப்பால் இருக்கிற தசை ரத்தமில்லாமல் நிமிஷத்துக்கு நிமிஷம் சாகிறது. கட்டியைக் கரைத்தால் மீதித் தசை பிழைக்கும்.

சொல்ல எளிது, ஆனால் நிரூபிக்க அரை நூற்றாண்டு ஆனது. இத்தாலியில் 11,000 பேருக்கு மேல் சேர்த்து நடந்த ஜிஸ்ஸி ஆய்வு 1986-இல் வந்தது. ஸ்ட்ரெப்டோகைனேஸ் கொடுத்தவர்களில் மூன்று வாரத்துக்குள் இறந்தவர்கள் 10.7 சதவீதம், கொடுக்காதவர்களில் 13. இரண்டு வருஷம் கழித்து, 17,187 பேர் கலந்துகொண்ட ஐசிஸ்-2 ஆய்வு, தலைவலிக்குப் போடுகிற ஆஸ்பிரினையும் இதோடு சேர்த்துப் பார்த்தது. இரண்டும் கிடைக்காதவர்களில் ஐந்து வாரத்துக்குள் இதய, ரத்தக்குழாய் நோயால் இறந்தவர்கள் 13.2 சதவீதம். இரண்டும் கிடைத்தவர்களில் 8 சதவீதம்.

எனக்கு இது பைபாஸைவிடப் பெரிய செய்தியாகப் படுகிறது. பெரிய தியேட்டர் வேண்டாம், மார்பைப் பிளக்க வேண்டாம். ஒரு ஈ.சி.ஜி. மெஷின், அதைப் படிக்கத் தெரிந்த ஒருவர், ஒரு ஊசி, ஒரு மாத்திரை. பிற்பாடு இந்தியாவிலேயே அந்த ஊசி மருந்தைத் தயாரித்தார்கள். சண்டிகரில் உள்ள நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிறுவனத்தில் கிரிஷ் சாஹ்னியின் குழு இதில் முக்கியமான வேலை செய்தது.

ஒரே நிபந்தனை, நேரம். 1996-இல் லான்செட்டில் வந்த ஒரு தொகுப்பாய்வு இதை எண்ணாகவே காட்டியது. வலி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் இப்படிப்பட்ட மருந்து கொடுத்தால் 1,000 பேருக்கு 65 உயிர் கூடுதலாகப் பிழைக்கும். இரண்டாவது மணி நேரத்தில் அது 37. மூன்றாவதில் 26. சோடா குடித்துவிட்டுப் படுத்த நேரத்தின் விலை இதுதான்.

ஆறு மணி நேரம்

இந்தியாவில் நிலைமை எப்படி என்று முதன்முதலில் பெரிய அளவில் பார்த்தது 'கிரியேட்' என்ற பதிவேடு. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் டெனிஸ் சேவியரும் மற்றவர்களும் 50 நகரங்களில் 89 மருத்துவமனைகளிலிருந்து 20,468 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி 2008-இல் வெளியிட்டார்கள். வலி ஆரம்பித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர ஆன இடைநிலை நேரம் 360 நிமிஷம். ஆறு மணி நேரம்! உள்ளே போன பிறகு ஊசி போட ஆனது 50 நிமிஷம்தான். தாமதத்தில் பெரும்பங்கு ஆஸ்பத்திரிக்கு வெளியே.

அதைவிட முக்கியமான இன்னொரு முடிவும் அதில் உண்டு. பணக்காரர்களில் முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் 5.5 சதவீதம், ஏழைகளில் 8.2 சதவீதம். இது ஏன்? ஏழைகளுக்கு நோய் அதிகமா, பீடி அதிகமா, உடம்பு பலவீனமா? அந்த வித்தியாசங்களையெல்லாம் கணக்கில் எடுத்துக் கழித்துப் பார்த்தார்கள். இடைவெளி அப்படியே நின்றது. பிறகு கிடைத்த சிகிச்சையைக் கணக்கில் எடுத்தார்கள். இடைவெளி மறைந்துவிட்டது. கட்டியைக் கரைக்கும் ஊசி பணக்காரர்களில் 60.6 சதவீதத்தினருக்கும் ஏழைகளில் 52.3 சதவீதத்தினருக்கும் கிடைத்தது. அடைப்பை பலூனால் திறக்கும் சிகிச்சை 15.3-க்கு 2. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை 61.2-க்கு 36. ஏழையின் இதயம் வேறு இதயம் இல்லை. அதற்குக் கிடைத்த வைத்தியம்தான் வேறு.

உலக அளவிலும் இதே கதைதான். 17 நாடுகளில் நடந்த 'ப்யூர்' ஆய்வின் ஒரு பகுதி 2014-இல் வந்தது. இதய நோய் அபாயக் காரணிகளுக்கு மதிப்பெண் போட்டால் பணக்கார நாட்டுக்காரர்களுக்கு சராசரி 12.89, இந்தியா சேர்ந்திருந்த ஏழை நாடுகளில் 8.28. நமக்கு அபாயம் குறைவு! ஆனால் மாரடைப்போ பக்கவாதமோ மாதிரி ஒன்று வந்துவிட்டால் அதில் இறந்தவர்கள் அங்கே 6.5 சதவீதம், இங்கே 17.3.

எண்ணூர் பக்கத்துக் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. நிலக்கரிச் சாம்பல், ஆலைப் புகை, கன்டெய்னர் லாரிகளின் டீசல் எல்லாம் சேர்ந்த காற்று அது. காற்றிலுள்ள நுண்துகள் மாரடைப்பு அபாயத்தைக் கூட்டும் என்பதில் மருத்துவ உலகில் இப்போது சந்தேகம் இல்லை. அதற்கான போராட்டம் தனி. அதே லாரி வரிசைதான் ஆம்புலன்ஸையும் மறிக்கிறது என்பதை மட்டும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன்.

வழி போட்ட கதை

தமிழ்நாட்டில் வழி துண்டு துண்டாகத்தான் போடப்பட்டது. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உருவாகி, அரசு மருத்துவமனைகளுக்கு மருந்தை மொத்தமாக வாங்கி அனுப்பும் முறை வந்தது. 2008-இல் 108 ஆம்புலன்ஸ். 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012 முதல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம். ஸ்டென்ட் வைக்கிற செலவை ஏழைக் குடும்பத்துக்காக அரசு கட்டுவது இதற்குப் பிறகுதான் சாத்தியமானது. 2017-இல் மத்திய அரசு ஸ்டென்ட் விலைக்கு உச்சவரம்பு போட்டது. மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய், சாதாரண ஸ்டென்டுக்கு 7,260.

இந்தத் துண்டுகளை ஒன்றாகக் கட்டினால் என்ன ஆகும் என்று பார்த்ததுதான் தமிழ்நாடு ஸ்டெமி திட்டம். ஸ்டெமி என்பது ரத்தக்குழாய் முழுசாக அடைபட்டு வரும் கடுமையான மாரடைப்பு. கோயம்புத்தூரின் தாமஸ் அலெக்சாண்டர், சென்னையின் அஜித் முல்லசாரி உள்ளிட்டோர் இதை நடத்தினார்கள். யோசனை சைக்கிள் சக்கரம் மாதிரி. நடுவில் ஆஞ்சியோ செய்கிற வசதியுள்ள பெரிய மருத்துவமனை. சுற்றிலும் ஆரக்கால் மாதிரி சின்ன மருத்துவமனைகள். பெரிய இடம் பக்கத்தில் இருந்தால் நேராக அங்கே. தூரமென்றால் சின்ன இடத்திலேயே ஈ.சி.ஜி. எடுத்து, கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டு, ஆம்புலன்ஸில் பெரிய இடத்துக்கு அனுப்பி, ஒரு நாளுக்குள் ஆஞ்சியோ பார்ப்பது. செலவுக்குக் காப்பீடு.

பதினேழரை, பதினாலு

முடிவுகள் 2017-இல் ஜாமா கார்டியாலஜி இதழில் வந்தன. மொத்தம் 2,420 நோயாளிகள், திட்டத்துக்கு முன் 898, பின் 1,522. ஆஞ்சியோகிராம் பார்க்கப்பட்டவர்கள் 35 சதவீதத்திலிருந்து 60.8 ஆனார்கள். அடைப்பு திறக்கப்பட்டவர்கள் 29.5-இலிருந்து 46.6.

ஆனால் மருத்துவமனைக்குள் நடந்த சாவு? 5.6 சதவீதமாக இருந்தது 5.8. மாற்றமே இல்லை! இங்கேயே நிறுத்தியிருந்தால் 'இவ்வளவு பாடுபட்டும் பலன் இல்லை' என்று எழுதிக் கோப்பை மூடியிருக்கலாம். அவர்கள் ஒரு வருஷம் வரை பின்தொடர்ந்தார்கள். ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்திருந்தார்கள். ஆயிரம் பேருக்கு முப்பத்து நாலு பேர்.

இதை ரெண்டு விதமான எச்சரிக்கையோடு படிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒன்று, இது முன்–பின் ஒப்பீடு, சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனை இல்லை. அந்த இடைவெளியில் வேறு விஷயங்களும் மாறியிருக்கலாம். இரண்டு, இது ஆஸ்பத்திரி வந்து சேர்ந்தவர்களின் கணக்கு மட்டும். ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு வழியிலேயே போனவர், சோடா குடித்துப் படுத்து எழுந்திருக்காதவர், இவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஆஸ்பத்திரிச் சாவு எண்ணிக்கை குறைவாக இருப்பதில் எப்போதுமே இந்த ஒரு பொய் கலந்திருக்கும். ரொம்ப மோசமானவர்கள் வாசலுக்கே வருவதில்லை.

இருந்தாலும் அந்த ஒரு வருஷக் கணக்குதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. "நல்லாயிட்டாரு, வீட்டுக்கு அனுப்பிட்டாங்க" என்று நாம் சந்தோஷப்படுகிற நாளுக்குப் பிறகுதான் பாதிக்கு மேற்பட்ட சாவு நடக்கிறது. திட்டம் நன்றாக நடந்த பிறகும், உள்ளே இறந்தவர்கள் 6 பேர் என்றால் வீட்டுக்குப் போய் வருஷத்துக்குள் இறந்தவர்கள் 8 பேர்.

வீட்டுக்குப் போன பிறகு

வீட்டில் என்ன நடக்கிறது? டிஸ்சார்ஜ் சீட்டில் நாலைந்து மாத்திரை எழுதியிருக்கும். ஒவ்வொன்றும் வேளைக்கு வேளை, காலம் முழுக்க. முதல் மாதம் ஒழுங்காகப் போகும். அப்புறம் நெஞ்சு வலி இல்லை, வேலைக்குப் போயாக வேண்டும். மாத்திரை இலவசம்தான், ஆனால் வாங்கப் போனால் அரை நாள் ஓ.பி. வரிசை. காண்டிராக்ட் வேலையில் அரை நாள் என்பது முழு நாள் கூலி. "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு மாத்திரை?" என்பதற்குள் இந்தக் கணக்கும் ஒளிந்திருக்கிறது. 2011-இல் வந்த ப்யூர் ஆய்வின் இன்னொரு பகுதி சொல்கிறது: ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களில், ஏழை நாடுகளில் 80 சதவீதம் பேர் நிரூபிக்கப்பட்ட நாலு வகை மருந்தில் ஒன்றைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

இதற்கு இதே ஊரில் ஒரு பழைய பாடம் இருக்கிறது. காசநோய்க்காரர்களை சானடோரியத்தில் வைத்து நல்ல சாப்பாடு, நல்ல காற்று கொடுத்தால்தான் குணமாகும் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம். 1956-இல் தொடங்கி சேத்துப்பட்டு காசநோய் மையத்தில் 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்தில், பாதிப் பேர் தங்கள் நெருக்கடி வீட்டில், இரு பக்கமும் அதே மருந்து. ஒரு வருஷத்தில் சானடோரியத்தில் 92 சதவீதமும் வீட்டில் 86 சதவீதமும் நோய் அடங்கியது. பெரிய வித்தியாசம் இல்லை. மருந்து தவறாமல் உள்ளே போவதுதான் வைத்தியம் என்று சென்னையின் ஏழைகள் உலகத்துக்குக் காட்டினார்கள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இந்தப் பாடத்தின் வாரிசு என்றே நான் பார்க்கிறேன். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது. 2023-இல் வந்த இதயம் காப்போம் திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அடோர்வாஸ்டாடின் மூன்றும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வைக்கப்பட்டு, மாரடைப்பு அறிகுறியோடு வருகிறவருக்கு முதல் டோஸ் அங்கேயே கொடுத்து அனுப்பப்படுகிறது. ஐசிஸ்-2 சொன்ன ஆஸ்பிரின் 35 வருஷம் கழித்துத் தெருமுனைக்கு வந்திருக்கிறது. ரெண்டுமே பைபாஸ் மாதிரிப் படம் எடுத்துப் போடுகிற விஷயம் இல்லை. ஆனால் ருமாட்டிக் பிள்ளைக்கு மாதாமாதம் போட வேண்டியிருந்த பெனிசிலின் ஊசி மாதிரி, விடாமல் நடந்தால் மட்டுமே பலன் தரும் வேலை.

அதனால் எனக்கு ஒரு ஆசை உண்டு. ஒவ்வொரு அரசு மருத்துவமனையும் எத்தனை ஆஞ்சியோ, எத்தனை ஸ்டென்ட் என்று வெளியிடுவதோடு இன்னும் ரெண்டு எண்ணை வெளியிட வேண்டும். கத்திவாக்கத்திலிருந்தோ காசிமேட்டிலிருந்தோ வந்தவருக்கு வலி ஆரம்பித்து முதல் மருந்து கிடைக்க எத்தனை நிமிஷம் ஆனது என்பது ஒன்று. போன வருஷம் இதே மாதம் டிஸ்சார்ஜ் ஆனவர்களில் எத்தனை பேர் இன்று உயிரோடு மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது இன்னொன்று. முதல் எண்ணைக் குறைக்க ரோடும் ஆம்புலன்ஸும் ஈ.சி.ஜி.யும் வேண்டும். இரண்டாவதைக் கூட்ட, மாசத்துக்கு ஒரு தடவை கதவைத் தட்டி "மாத்திரை தீந்துடுச்சா?" என்று கேட்க ஒரு ஆள் வேண்டும்.